குழாயின் மறுமுனை

அன்று காலை அவர் என்னைக் கூடத்துக் கதவருகே நிறுத்தி, நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் முனையைக் கையில் கொடுத்து, "நான் சொல்ற வரைக்கும் ஆடாம பிடிச்சுக்கோ" என்றார். என் ஈரத்தலையிலிருந்து தண்ணீர் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் பால்.

"ஏங்க, பால் பொங்கப் போகுது."

"பொங்கட்டும். விஞ்ஞானம் முக்கியமா, பால் முக்கியமா?"

"பால்தான்."

"இந்த வீட்டுல யாரும் உருப்பட மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே மறுமுனையைக் கட்டைவிரலால் அடைத்தபடி சமையலறைக்குள் போய்விட்டார். முகத்தில் பாதி சோப்பு நுரை. பாதி மழித்த முகத்தோடு அவர் வீட்டுக்குள் அலைவது புதிதல்ல. யோசனை வந்தால் ரேசரை எங்கே வைத்தோம் என்பதே அவருக்கு மறந்துவிடும்.

குழாய் உள்ளே இருப்பது தெரியும்படி தெளிவாக இருந்தது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பது. அதில் தண்ணீர் நிரப்பி, கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்திருந்தார். இரண்டு முனைகளும் எங்கே இருந்தாலும் தண்ணீர் இரண்டிலும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அங்கிருந்து தரைவரை அளந்தால் எந்தத் தரை மேடு, எந்தத் தரை பள்ளம் என்று தெரிந்துவிடும். நான் நின்ற கதவுநிலையில் தண்ணீர் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். சமையலறைக் கதவுநிலையிலும் ஒன்று. பிறகு இரண்டு இடத்திலும் குனிந்து அளந்தார்.

"சமையக்கட்டு ரெண்டு விரல் தாழ்வு" என்றார். ஏதோ புதையல் கிடைத்த குரல். "பத்து வருஷமா நீ சொல்லிட்டிருக்க, தக்காளி கீழ விழுந்தா பின்கதவுக்கே ஓடுதுன்னு. நான் உன் கைராசின்னு நெனச்சேன்."

"எனக்கு அப்பவே தெரியும், தரைதான் கோணல்னு."

"எப்படித் தெரியும்?"

இது அவருடைய கேள்வி. வீட்டில், கடையில், கல்யாண வீட்டில், எங்கே யார் எதை உறுதியாகச் சொன்னாலும் சிரித்த முகத்தோடு இதைக் கேட்பார். மேல்மாடியில் குடியிருக்கும் என் நாத்தனார், "அண்ணன் பொறந்ததும் டாக்டர் 'ஆம்பளப் பிள்ளை'ன்னு சொன்னாராம். இது உடனே 'எப்படித் தெரியும்'னு கேட்டிருக்கும்" என்பாள்.

பால் பொங்கியது. அடுப்பைத் துடைத்தபடி நான் திட்டினேன். அவர் மீதி முகத்தையும் மழித்துவிட்டு, குழாயைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போடும்போது, "கதவைச் சாத்திக்கோ, பூனை வருது" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பால் கறை காய்ந்தால் போகாது.

அவர் ஆசிரியர். எட்டாம் வகுப்புக்கு அறிவியல். ஆனால் நான்கைந்து வருடமாக அவர் பாடம் நடத்துவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் பிள்ளைகளே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுப்பார்கள். சண்டை போட்டு, கை தூக்கி எண்ணி, ஒன்றை முடிவு செய்வார்கள். அதற்கு விடை தேடுவதுதான் அந்தப் பருவத்து வேலை. என்ன அளப்பது, எப்போது அளப்பது, யார் என்ன செய்வது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கை முன்னால் இருந்தால் வாங்கிச் செய்யத் தோன்றுமாம். பழகிப் பழகி, வீட்டில் நான் மாவரைக்கும்போதும் சிறைக்கைதி போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். "இங்க கையை முன்னால கொண்டு வரலாம். தப்பில்ல" என்பேன்.

அவர் செய்யும் ஒரே வேலை, பிள்ளைகள் கொடுக்கிற வேலை. "நான் உங்க கூலியாள். சொன்னதைச் செய்வேன். சொல்லாததைச் செய்ய மாட்டேன்" என்று பருவத்தின் முதல் நாளே சொல்லிவிடுவார். பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. ஒரு வருடம் எறும்புகளுக்குக் காவல் இருக்கச் சொல்லி இவரை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். இவரும் உட்கார்ந்திருந்தார்.

பெற்றோர்களுக்கு இது பிடிக்கவில்லை. "சார் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கறதில்லையாமே" என்று மருந்துக் கடையில் ஒரு அம்மா என்னிடமே கேட்டாள். வந்து சொன்னேன். "உண்மைதானே. சம்பளம் வாங்கிட்டுச் சும்மா நிக்கிறேன். சும்மா நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அச்சகம் போடுவதெல்லாம் பள்ளிக்கூடக் கைடுகள். கேள்வியும் விடையும், கேள்வியும் விடையும். விடைகளை ஒற்று விடாமல் சரிபார்த்துக் கொடுப்பது நான். "வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு எதிரிக்கு வேலை பாக்குற" என்பார். நான் கொண்டுவரும் புரூப் தாளின் பின்பக்கத்தில்தான் அவர் கணக்குப் போடுவார். விடைகளுக்குப் பின்னால் எழுதினால் அவருக்கு ஒரு திருப்தி.

அந்தப் பருவத்துக் கேள்வி இது: பள்ளி வாசலில் மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது, மதில் திரும்பும் இடத்தில் வடிகால் இருக்கிறது, தண்ணீர் ஏன் அதற்குள் போகாமல் நிற்கிறது? கேள்வியைக் கொண்டுவந்தது வக்கீல். அது அவள் பட்டப்பெயர். பதின்மூன்று வயது, மூக்குக் கண்ணாடி, எதற்கும் எதிர்க்கேள்வி. வடிகால் அடைத்திருக்கிறது என்றார்கள் சிலர். கம்பு விட்டுக் குத்திப் பார்த்தார்கள், அடைப்பில்லை. வடிகாலின் வாய் வாசலைவிட மேட்டில் கட்டப்பட்டிருக்கிறது என்பது வக்கீலின் கட்சி. அதை அளந்து பார்க்கக் குழாய் கொண்டுவந்தவன் மேஸ்திரி. அவன் சித்தப்பா தரைக்குக் கல் பதிக்கிறவர். சித்தப்பாவைப் போலவே இவனும் இடுப்பில் கைவைத்து எல்லாரையும் ஏவுவான் என்பதால் அந்தப் பெயர். முதல் நாள் சாயங்காலம் அவன் குழாயை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, எப்படிக் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். "சார், காத்து இருந்தா பொய் சொல்லும்" என்றான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்.

மதியத்துக்கு மேல் அச்சகத்துக்குப் போன் வந்தது. பேசியது பள்ளிக் காவலாளி. "அம்மா, சார் விழுந்துட்டாரு" என்றார். தடுக்கி விழுந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, திருத்திக்கொண்டிருந்த பக்கத்தில் பென்சிலை அடையாளம் வைத்து மூடிவிட்டுக் கிளம்பினேன். மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது திருத்துவதற்கு எதுவும் இல்லை.

மூளைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். பிறவியிலேயே அந்த இடம் மெலிந்து இருந்திருக்கும். "தூங்கும்போதுகூட நடந்திருக்கலாம். எப்ப வேணா" என்றார். நல்ல மனிதர். உட்கார்ந்து சொன்னார். நான் தலையாட்டினேன். என் நாத்தனார்தான், "எப்படித் தெரியும் டாக்டர்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அது யாருடைய கேள்வி என்று உறைத்ததும், சுவரைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். டாக்டர் பதில் சொல்வதற்குள் அவரை யாரோ கூப்பிட்டார்கள்.

காரியங்கள் முடிந்து வீடு காலியான பிறகு தலைமை ஆசிரியை வந்தார். அவர்மேல் எனக்குக் குறை கிடையாது. பெற்றோர்கள் படையெடுத்து வந்தபோதெல்லாம் வாசலில் நின்று சமாளித்தவர். "உங்க வீட்டுக்காரர் என் தலைவலி. ஆனா நல்ல தலைவலி" என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"வருஷக் கடைசியில கண்காட்சி வைக்கிறோம்மா. சார் பேர்ல. எட்டாம் வகுப்புக்கு மழைநீர் சேகரிப்பு மாடல். மாடல் செஞ்சு குடுக்க ஒருத்தர் இருக்காரு. மோட்டார் வச்சுத் தண்ணி ஓடுற மாதிரி நல்லாப் பண்ணுவாரு. பிள்ளைங்க பக்கத்துல நின்னு விளக்கம் சொன்னாப் போதும். நீங்கதான் வந்து திறந்து வைக்கணும்."

"அவங்க கேள்வி அது இல்லையே" என்றேன்.

"எது?"

"வாசல்ல தண்ணி ஏன் நிக்குதுங்கிறது. பாதியில நிக்குதே அது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பிள்ளைங்க சரியாச் சாப்பிடறதில்லம்மா. ஒரு பொண்ணு வகுப்புல வாயே திறக்கறதில்ல. அவங்களுக்கு முழுசா முடிஞ்ச ஒரு பொருள் கையில வேணும். பாதியில நிக்கிறது வேண்டாம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. குரலை உயர்த்தவில்லை. "அவங்களைக் கேட்டீங்களா? அவங்க என்ன செய்யணும்னு அவங்கதானே முடிவு பண்ணுவாங்க. அவர் இருந்தா அதைத்தானே கேட்டிருப்பாரு" என்றேன்.

"நீங்களே வந்து கேளுங்க" என்றார் தலைமை ஆசிரியை. "அவங்க தொடரணும்னு சொன்னா மாடலை நிறுத்திடறேன். சத்தியமா."

அவர் போன பிறகு நாத்தனார் கேட்டாள். "எதுக்கு அண்ணி உங்களுக்கு இந்த வேலை? வாசல்ல தண்ணி நின்னா நிக்கட்டும். நம்ம வீட்டு வாசலா?"

அவளுக்கு என்ன சொல்வது? அவருடைய சட்டைகள் பீரோவில் இருந்தன. செருப்பு மூலையில் இருந்தது. அவையெல்லாம் அவர் இல்லை. அவர் இருந்தது அந்த வகுப்பில். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதே, தான் இல்லாதபோதும் அது ஓட வேண்டும் என்பதற்காகத்தான். நாளைக்கே நான் இல்லைன்னாலும் அதுங்க பாட்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டுக் கேள்வி கேக்கும், அதான் என் சம்பாத்தியம் என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அது ஒன்று மிஞ்சினால் மற்றதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வகுப்பறைக்கு நான் அதற்கு முன் ஒருமுறை போயிருக்கிறேன். அன்று மேசைகள் திசைக்கொன்றாகக் கிடந்தன, ஒரே இரைச்சல், யார் ஆசிரியர் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்த முறை மேசைகள் வரிசையாக இருந்தன. நான் நுழைந்ததும் எல்லாரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். அதை அவர் ஒருநாளும் அனுமதித்ததில்லை. கரும்பலகை ஈரத்துணியால் துடைக்கப்பட்டு நன்றாகக் கறுத்திருந்தது.

தலைமை ஆசிரியை உள்ளே வராமல் வெளியே தாழ்வாரத்தில் நின்றுகொண்டார். நான் வீட்டிலேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். உங்கள் கேள்வி உங்களுடையது, தொடர்வதா விடுவதா என்பது உங்கள் முடிவு, யாரும் குறுக்கே வர மாட்டார்கள், வேண்டுமானால் குழாயைப் பிடிக்க நான் வருகிறேன், சொன்ன இடத்தில் நிற்கிறேன் என்றேன். கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் இரண்டாவது வரிசையில் ஒரு பெண் தலையை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டாள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தேன்.

வக்கீல் எழுந்தாள். "நாங்க ஏற்கெனவே ஓட்டுப் போட்டுட்டோம் ஆன்ட்டி."

"எப்போ?"

"போன வாரம். பெரிய டீச்சர் என்ன சொல்றாங்களோ அதைச் செய்றதுன்னு. எல்லாரும் கை தூக்கினாங்க. யாரும் எதிர்க்கல."

"நீகூடவா?"

"நான்தான் கொண்டு வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் வேடிக்கை செய்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். "உங்களுக்கு அந்தக் கேள்வி பிடிக்கலைன்னா வேற கேள்வி எடுக்கலாமே. மாடல்தான் செய்யணும்னு இல்ல" என்றேன்.

"எங்களுக்குக் கேள்வி வேணாம். எங்களைக் கேக்காதீங்க ஆன்ட்டி. செய்யச் சொல்லுங்க, செய்றோம்."

"ஏன்?"

கடைசி பெஞ்சிலிருந்து மேஸ்திரிதான் எழுந்திருக்காமலே சொன்னான். "நாங்கதானே அவரை அங்க நிக்கச் சொன்னோம்."

பிறகு ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தார்கள். அப்போது மட்டும் அது பழைய வகுப்பு மாதிரி இருந்தது.

வாசல் கம்பத்தோடு சேர்த்துக் குழாயின் முனையைப் பிடிப்பது சாரின் வேலை. ஒரு கையில் குழாய், ஒரு கையில் அளவுகோல். காலையில் அளக்கலாம் என்றுதான் முதலில் இருந்தது. காலையில் வாசலில் வண்டிகள் நிற்கும், குழாய் மிதிபடும் என்று வக்கீல் வாதாடி உச்சிவேளைக்கு மாற்றினாள். சாருக்குத் தொப்பி கொடுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கிறதே, காற்றில் விழுந்தால் பிடிக்க முடியாதே என்று வேண்டாம் என்றார்கள். ஒருதடவை அளந்தால் அது அளவே இல்லை என்பது சார் சொன்னது. அதனால் மறுபடி அளந்தார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. குழாயில் ஒரு குமிழி. தட்டித் தட்டி அதை எடுத்துவிட்டு மூன்றாம் முறை ஆரம்பித்தார்கள். அதுவரை சார் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். நகரலாமா என்று அவர் கேட்கவில்லை. அவர்கள் சொல்லவுமில்லை.

வடிகால் இருப்பது மதில் திரும்புகிற இடத்தில். அங்கிருந்து வாசலைப் பார்க்க முடியாது. மேஸ்திரி அந்த முனையைப் பிடித்திருந்தான். நீலத் தண்ணீர் ஆடி ஆடி, அப்போதுதான் ஒரு இடத்தில் நிற்கப் பார்த்தது. பிறகு திடீரென்று இறங்க ஆரம்பித்தது.

"சார் அசைக்கிறாருன்னு நெனச்சேன்" என்றான். "ஆட்டாதீங்க சார்னு கத்தினேன். மறுபடியும் கத்தினேன். தண்ணி எறங்கிக்கிட்டே இருந்துச்சு. எல்லாரும் சேர்ந்து கத்தினோம். திட்டினோம் ஆன்ட்டி. 'சொன்னா சொன்ன இடத்துல நிக்கத் தெரியாதா'ன்னு..." அவன் நிறுத்திவிட்டான்.

குழாய் முழுக்கக் காலியான பிறகுதான் ஒருத்தி ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள். கம்பத்தின் அடியில் தரை நீலமாக இருந்ததாம்.

என்னிடம் ஒரு பதில் இருந்தது. அதை நம்பித்தான் பேசினேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். பிறவியிலேயே இருந்தது, வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தூங்கும்போதுகூட நடந்திருக்கலாம், உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

எல்லாரும் கேட்டார்கள். சில முகங்கள் லேசாக அவிழ்ந்ததுபோல் இருந்தது. அப்போது வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டாள்.

"எப்படித் தெரியும்?"

எதிர்த்துப் பேசும் குரல் இல்லை அது. கெஞ்சும் குரல். நான் சரியான பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் விரும்பினாள் என்று இன்றும் நினைக்கிறேன்.

"டாக்டர் சொன்னாரும்மா."

"டாக்டர் அதைப் பாத்தாரா? முன்னாடி எப்பவாவது தலையை ஸ்கேன் எடுத்திருந்தாரா சார்?"

"இல்ல."

"அப்போ பிறவியிலேயே இருந்துச்சுங்கிறது அவரோட ஊகம்தானே?"

"அப்படித்தான் வழக்கமா இருக்குமாம்."

"சரி, இருந்துச்சுன்னே வச்சுக்கலாம். அன்னைக்கு வெயில்ல அவ்வளவு நேரம் நிக்காம இருந்திருந்தா, அன்னைக்கே உடைஞ்சிருக்குமா?"

நான் விடைகளோடு வாழ்கிறவள். எந்தக் கேள்விக்கும் கீழே ஒரு விடை அச்சாகியிருக்கும். அதில் ஒற்று இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆமாம், உடைந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அங்கே இருந்த ஒவ்வொரு பிள்ளையும் அதைக் கேட்கத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அடுத்தும் அவள் அதே இரண்டு வார்த்தைகளைக் கேட்பாள். அவற்றை அவளுக்குக் கொடுத்தவர் அவர்.

"தெரியாதும்மா" என்றேன்.

வக்கீல் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். வழக்கு முடிந்துவிட்டது.

கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஒவ்வொருவராகத் தொட்டு உலுக்க வேண்டும்போல் இருந்தது. முடிவு அவர்களுடையது என்று சற்றுமுன் சொன்னவளே நான்தான். அவர்கள் முடிவு செய்திருந்தார்கள், முறைப்படி, கை தூக்கி. இனி முடிவு செய்வதில்லை என்று. அதை மதிக்காவிட்டால் அவர் சொன்னது பொய். மதித்தால் அவர் செய்தது வீண். கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

தாழ்வாரத்தில் தலைமை ஆசிரியை என் முகத்தைப் பார்த்தார். வாசல்வரை கூடவே வந்தார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் நல்ல மழை. பள்ளி வாசலில் தண்ணீர் தேங்கி நின்றது. காவலாளி செங்கல் அடுக்கி வழி செய்திருந்தார். பெற்றோர்கள் புடவையையும் பேன்ட்டையும் தூக்கிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவி உள்ளே வந்தார்கள். "ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து" என்று ஒருவர் சொல்லிவிட்டு என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்தார்.

அவருடைய படத்துக்குக் கீழே மாடல் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. தெர்மோகோல் கட்டடம், பச்சைத் துகள் தூவிய புல்தரை, சின்ன வாசல், சின்ன வடிகால். சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமியது. கூரையிலிருந்து தண்ணீர் வழிந்து, வாசலைக் கடந்து, எங்கும் நிற்காமல் வடிகாலுக்குள் போய் மறைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

வக்கீல்தான் விளக்கம் சொன்னாள். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து, கூட்டத்தின் தலைக்கு மேல் எங்கோ பார்த்துக்கொண்டு, திக்காமல் திணறாமல் ஒப்பித்தாள். இரண்டாவது வாக்கியத்தை அவள் முடிக்குமுன் நான் மனதுக்குள் முடித்துவிட்டேன். அந்த வரிகள் எனக்குத் தெரிந்தவை. எங்கள் அச்சகம் முந்தின வருடம் புதிதாகக் கொண்டுவந்த புத்தகத்தில் இருந்தவை. இப்போதெல்லாம் பள்ளிகளில் செயல்திட்டம் கேட்கிறார்கள் என்று முதலாளி ஆரம்பித்தது. எல்லாச் செயல்திட்டங்களும் விளக்கத்தோடும் முடிவோடும் தயாராக இருக்கும். "மழைநீர் உயிர்நீர், அதனைச் சேமிப்பது நம் அனைவரின் கடமை" என்று அவள் சொன்னாள். "உயிர்நீர்" என்பதற்குப் பிறகு ஒரு கணம் நின்று மூச்சு வாங்கினாள். அந்த இடத்தில் ஒரு கால்புள்ளி வேண்டும் என்று போட்டவள் நான்.

கூட்டம் அடுத்த மேசைக்கு நகர்ந்ததும் அவளிடம் போனேன். வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

"தண்ணி வடிகாலுக்குள்ளதான் போகும்னு சொன்னியே. எப்படித் தெரியும்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, வருத்தமும் தெரியவில்லை.

"சொல்லிக் குடுத்தாங்க ஆன்ட்டி" என்றாள். பிறகு அடுத்து வந்தவர்களுக்காகச் சுவிட்சைப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

விடுமுறை விட்ட பிறகு ஒருநாள் மேஸ்திரி வீட்டுக்கு வந்தான். குழாயை நன்றாகக் கழுவி, வட்டமாகச் சுருட்டி, நூலால் கட்டியிருந்தான். "சித்தப்பாவுக்கு வேணாமாம். வேற வாங்கிட்டாரு. உங்ககிட்டக் குடுத்துடச் சொன்னாரு" என்றான். சித்தப்பாவுக்கு அதைத் தொடப் பயம் என்று எனக்குப் புரிந்தது. நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்து, "வாடா மேஸ்திரி. எங்க வீட்டுத் தரை எல்லாம் கோணலாம், உங்க சித்தப்பாவை வந்து ஒரு பார்வை பாக்கச் சொல்லு" என்றாள். அவன் சிரிக்கவில்லை. முன்பென்றால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, கட்டினவனைத் திட்டியிருப்பான்.

"நாமளே பாக்கலாமா?" என்றேன். "இங்க ரெண்டு கோடு இருக்கு பாரு. சார் போட்டது. சரியான்னு பாக்கலாம்."

"சரி ஆன்ட்டி."

"எப்படி ஆரம்பிக்கலாம்?"

"நீங்க சொல்லுங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதேப்பா. நீதானே சாருக்கே சொல்லிக் குடுத்த."

அவன் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் காத்திருந்தேன். நாத்தனாரும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் காத்திருந்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போயும் விட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் நான்தான் சொன்னேன். தண்ணீர் நிரப்பு என்றேன், நிரப்பினான். குமிழி இருக்கிறதா பார் என்றேன், தட்டிப் பார்த்தான். நீலம் போடு என்று மட்டும் எனக்குச் சொல்ல வரவில்லை. வெறும் தண்ணீரோடு விட்டுவிட்டேன். நீ சமையலறைக் கதவுகிட்ட நில் என்றேன், போய் நின்றான். நான் கூடத்துக் கதவருகே, அன்று நின்ற இடத்தில், நின்றேன். தண்ணீர் மெல்ல ஆடி அடங்கியது. என் பக்கம் கோட்டைத் தொட்டு நின்றது.

"உன் பக்கம் எங்க நிக்குது?"

"கோட்டுல."

"தரையிலேர்ந்து அளந்து பாரு."

அளந்தான். சொன்னான். என்னுடையதைவிட இரண்டு விரல் அதிகம். ஏன் என்று அவன் கேட்கவில்லை. எந்தத் தரை தாழ்வு என்றும் சொல்லவில்லை. முனையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை அதிலிருந்து எடுக்காமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றான். வேலை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்கிற வரை அவன் நகரவில்லை.

"போதும்பா. விட்டுடு" என்றேன்.

"விட்டுடட்டுமா ஆன்ட்டி?"

"விட்டுடு."

அவன் போன பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாயைப் பரண்மேல் வைத்தேன். நாத்தனார் ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்க உட்கார்ந்தாள். கூடையிலிருந்து ஒரு தக்காளி நழுவிக் கீழே விழுந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அவசரப்படாமல் உருண்டு பின்கதவுக்குப் போய் முட்டி நின்றது.